திருத்தங்கள்: பூஜ்ஜியம்

மழைக்காலம் வந்தால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கொஞ்சம் நல்ல காலம். வழுக்கி விழுகிறவர்கள் கையையோ காலையோ உடைத்துக்கொள்வதற்கு முன்னால் கண்ணாடியைத்தான் உடைத்துக்கொள்கிறார்கள். கை கால் தானாகக் கூடிவிடும். கண்ணாடிக்கு என்னிடம்தான் வர வேண்டும். இதைச் சொன்னால் என் மனைவிக்குப் பிடிக்காது. அடுத்தவர் விழுந்தால் உங்களுக்கு என்ன சந்தோஷம் என்பாள். சந்தோஷம் இல்லை சார், தகவல். உள்ளதை உள்ளபடி சொல்வது என் சுபாவம். அதனால் என்னை நீங்கள் மிரட்ட வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் மிரட்டவும் இல்லை, தேநீர் வாங்கிக் கொடுத்தீர்கள். அதையும் வாக்குமூலத்தில் எழுதிவிடுங்கள். பின்னால் யாராவது, அடித்து வாங்கினார்கள் என்று சொல்லிவிடக் கூடாது.

நான் இணையத்தில் ஒரு செய்திப் பக்கம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். ‘உள்ளபடி’ என்று பெயர். எங்கள் பேட்டையின் பத்துப் பதினைந்து தெருக்களின் செய்தி மட்டும்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பள்ளிக்கூடச் சுவர் சாய்கிறது, இப்படி. சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நானே எழுதி நானே படம் எடுத்து நானே போடுவது.

இதை ஆரம்பிக்க வைத்தவர் கேபிள்காரர். அவர்தான் எங்கள் பேட்டையில் முதலில் பக்கம் தொடங்கியவர். காதில் விழுந்ததெல்லாம் செய்தி அவருக்கு. ஒருநாள் காலையில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் காலமானார் என்று மாலை போட்ட படத்தோடு வெளியிட்டார். மறுநாள் அந்தத் தபால்காரர் கண்ணாடியின் காது வளைந்துவிட்டது என்று என் கடைப் படியேறி வந்து நிற்கிறார். உள்ளே இருந்த ஒரு அம்மா அலறிய அலறலில் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். கேபிள்காரர் என்ன செய்தார் தெரியுமா? சத்தம் போடாமல் செய்தியை எடுத்துவிட்டார். ஒரு வருத்தம் இல்லை, ஒரு விளக்கம் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். அன்றைக்கே முடிவு செய்தேன், செய்தி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தப் பேட்டைக்குக் காட்டுவது என்று.

முதலில் விதிகளை எழுதினேன், பிறகுதான் செய்தி. ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்த இரண்டு பேராவது சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் சொந்த லாப நஷ்டம் உள்ளவன் சொல் சாட்சி ஆகாது. யார்மீது குறை சொல்கிறோமோ அவரிடம் கேட்காமல் போடக் கூடாது. சம்பவ இடத்தில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. ஆதாரங்களை எறிந்துவிடக் கூடாது. இறந்தவர் பெயரைக் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கும் முன் வெளியிடக் கூடாது. தவறு நேர்ந்தால் ஓசைப்படாமல் மாற்றக் கூடாது. பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில், ஒரு வாரம் திருத்தம் போட வேண்டும். இவ்வளவையும் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன், பார்வை சோதிக்கிற எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில். அந்தப் பலகையைச் சிலர் மனப்பாடம் செய்துவிட்டார்கள் என்பதால், விதிகளையே படிக்கச் சொல்லிப் பார்வை சோதித்ததும் உண்டு. கடைசி வரி வரை படித்தவர்களுக்குக் கண்ணில் கோளாறு இல்லை என்று அனுப்பிவிடுவேன்.

பக்கத்தின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருக்கும். ‘இதுவரை வெளியிட்ட திருத்தங்கள்: 0.’ நான் பெருமைக்காரன் இல்லை. ஆனால் காலையில் கடையைத் திறந்ததும் கண் முதலில் அந்த வரிக்குத்தான் போகும். கேபிள்காரரிடம் ஆயிரம் வாசகர்கள் இருக்கலாம். அந்த வரி இல்லை.

என் மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. குழாய் வேலை செய்கிறவன். இரண்டு தெரு தள்ளி வாடகை அறையில் தனியாக இருந்தான். பாதி நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நல்லவன், ஆனால் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவன். என் விதிச் சட்டத்தைப் பார்த்து, “மாமா, இதுல ஒண்ணு விட்டுப்போச்சு. சிரிக்கக் கூடாதுன்னு எழுதுங்க” என்றான் ஒருமுறை. என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது குழிக்கு வருகிறேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பின்தெரு இருக்கிறது. அங்கே பாதாளச் சாக்கடை மூடிமீது ஒரு லாரி ஏறி, மூடி நொறுங்கி உள்ளே விழுந்துவிட்டது. நான் மத்தியானம் போய்ப் படம் எடுத்தேன். எதிரே தேநீர்க் கடைக்காரரிடம் கேட்டேன், அவர் ஒரு சாட்சி. நான் ஒரு சாட்சி. சாலை மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு விளக்கமும் கேட்டேன். புது மூடி வர நாளாகும், தடுப்பு வைக்கச் சொல்கிறேன் என்றார். அதையும் சேர்த்து எழுதி, மறுநாள் காலையில் போட்டேன். ‘பின்தெருவில் திறந்த பாதாளச் சாக்கடை. எச்சரிக்கை எதுவும் இல்லை.’ விதிப்படி பார்த்தால் அப்பழுக்கில்லாத செய்தி.

மத்தியானம் மைத்துனன் கடைக்கு வந்தான்.

“மாமா, பக்கத்துல தப்பா போட்டிருக்கீங்களே.”

“என்ன தப்பு?”

“எச்சரிக்கை எதுவும் இல்லைன்னு. நேத்து சாயங்காலமே நான் ஒரு கிளைய வெட்டிக் குழி விளிம்புல நட்டுட்டேன். செங்கல் வச்சு இறுக்கியிருக்கேன். அக்காகிட்ட பழைய தலையணை உறை ஒண்ணு வாங்கி மேல கட்டியிருக்கேன், செவப்புல. தெருமுனையில இருந்து பார்த்தாலே தெரியும்.”

“நான் படம் எடுத்தப்ப இல்ல.”

“நீங்க போட்டப்ப இருந்துச்சுல்ல? சரி விடுங்க, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. யாரு கவனிக்கப் போறா?”

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. யாரும் கவனிக்காதபடி எடுத்துவிடுவதா? அது கேபிள்காரர் செய்கிற வேலை. அப்படிச் செய்வதற்குப் பதில் நான் பக்கத்தையே மூடிவிடலாம். எனக்கு நேர்மையாக இருந்த ஒரே வழி, உச்சியில் பெரிய எழுத்தில் திருத்தம். பூஜ்ஜியம் ஒன்றாகும்.

வேறு நாளாக இருந்தால் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த வாரக் கடைசியில் நூலகக் கூடத்தில் என் பேச்சு இருந்தது. ‘இணையத்தில் செய்தி எழுதும் சாமானியர்களுக்கான நெறிகள்.’ ஊரில் பக்கம் நடத்துகிற அத்தனை பேரும் வருவதாக இருந்தது, கேபிள்காரர் உட்பட. நூலகர் அடித்த அழைப்பிதழிலேயே ‘ஒரு திருத்தம்கூடத் தேவைப்படாத பக்கத்தின் ஆசிரியர்’ என்று என்னைப் போட்டிருந்தார். திருத்தம் போட்டால் என் பக்கம் மட்டுமல்ல, நூலகத்தின் அழைப்பிதழும் பொய்யாகிவிடும். ஒரு கிளைக்காக இத்தனை பொய்யா என்று யோசித்தேன்.

யோசிக்க யோசிக்க மூன்றாவது வழி ஒன்று தெரிந்தது. செய்தியும் நிலவரமும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதானே விஷயம். செய்தியைத்தான் மாற்ற வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் பின்தெருவுக்குப் போனேன். தேநீர்க் கடை மூடியிருந்தது, தெருவில் ஆளில்லை. கிளை ஓர் ஆள் உயரம் இருக்கும். உச்சியில் தலையணை உறை. அதன் மூலையில் என் மனைவி நீல நூலில் ஓர் இலை போட்டிருந்தாள், கல்யாணமான புதிதில் போட்டது. நன்றாகத்தான் இறுக்கியிருந்தான், குழாய் வேலைக்காரன் இல்லையா. செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தேன். கிளையைப் பிடுங்கினேன். பிறகு குழியைப் படம் எடுத்தேன். எச்சரிக்கை எதுவும் இல்லை.

சம்பவ இடத்தில் துரும்பையும் நகர்த்தக் கூடாது என்று எழுதிய நீயா இப்படி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இடத்தை முதலில் மாற்றியவன் என் மைத்துனன். நான் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன்.

யாராவது விழுந்துவிடுவார்களே என்று நினைக்கவில்லையா என்றால், நினைத்தேன். நான் கல் இல்லை. ஆனால் மேற்பார்வையாளர் தடுப்பு வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். குழி திறந்து கிடக்கிறது என்று நானும் ஊரறியப் போட்டாயிற்று. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். பட்டப்பகலில் தெரிகிற குழிக்குக் கிளை எதற்கு?

அந்தக் கிளையை மூன்றாக ஒடித்து, உறையையும் சேர்த்துக் கட்டி, கடையின் உள்ளறையில் கண்ணாடிச் சட்டப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். எறிந்திருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆதாரங்களை எறியக் கூடாது என்பது விதி. விதி என்றால் எனக்குச் சாதகமான நேரத்தில் மட்டும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வானம் பொத்துக்கொண்டதுபோல் கொட்டியது. முழங்கால் அளவு தண்ணீரில் எது தெரு எது சாக்கடை என்று தெரியவில்லை. எங்கள் மொட்டைமாடியில் தண்ணீர் போகிற குழாய் அடைத்துக்கொண்டு கூடத்துக்குள் ஒழுக ஆரம்பித்தது. என் மனைவி தம்பியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் கிளம்புகிற நேரத்தில் எனக்குப் போன் செய்தான். நான் கடையில் இருந்தேன்.

“மாமா, பெரிய தெருவுல இடுப்பளவு தண்ணி. நான் பின்தெரு வழியா வீட்டுக்குப் போயிடறேன். கிளை இன்னும் இருக்குல்ல? அடிச்சிட்டுப் போயிடலையே?”

சார், இந்த இடத்தை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பொய் சொல்லவில்லை. இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நான் சொன்னது இதுதான்.

“பக்கத்துல போட்டிருக்கேனே. படிச்சுப் பாரு.”

அவன் சிரித்தான். “நீங்க போட்டதுதான் தப்புன்னு நேத்தே சொன்னேனே மாமா. இன்னும் மாத்தலையா? சரியான ஆளு நீங்க.” அதோடு வைத்துவிட்டான்.

திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கையில் போன் இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? கிளை இல்லை என்று சொன்னால் எங்கே போனது என்பான். அதற்குப் பதில் சொன்னால், திருத்தம் போட வேண்டிய நிலைமை மறுபடி வந்துவிடும். ஒரு வாசகருக்குத் தகவல் வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிறது. அது சரியான தகவல். எழுதியதை நம்பாமல் போகிறவனை நான் கையைப் பிடித்தா இழுக்க முடியும்?

பிறகு அவன் எப்படி நடந்திருப்பான் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குமேல் சிவப்புத் துணி கண்ணில் படுகிறவரை குழி இன்னும் தூரத்தில் இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பான். தன் கையால் நட்டது என்பதால் பயமில்லாமல் நடந்திருப்பான். வேறு யாராவதாக இருந்தால் காலால் தடவித் தடவிப் போயிருப்பார்கள்.

காலையில் தண்ணீர் வடிந்ததும் கால்வாய் முனையில் அவன் உடலை எடுத்தார்கள். முதலில் தகவல் எனக்குத்தான் வந்தது, பேட்டையில் எது நடந்தாலும் எனக்குத்தான் முதலில் சொல்வார்கள். கேபிள்காரராக இருந்தால் அந்த நிமிடமே போட்டிருப்பார். நான் வீட்டுக்குப் போனேன். குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியிட வேண்டும். குடும்பத்தார் என்றால் என் மனைவிதான். கூடத்தில் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வெளியிட்டேன்.

முகத்தைக் காட்டவில்லை, உடலைக் காட்டவில்லை. ‘எச்சரிக்கை எதுவும் இல்லை என்பதை இந்தப் பக்கம் ஏற்கெனவே சுட்டிக்காட்டியிருந்தது’ என்று ஒரு வரி. கடைசியில், ‘இறந்தவர் இப்பக்க ஆசிரியரின் மைத்துனர்’ என்று இன்னொரு வரி; வாசகரிடம் உறவை மறைக்கக் கூடாது. அன்றைக்கு வந்த வாசகர்கள் அதுவரை வந்த எல்லா வாசகர்களையும் விட அதிகம். கேபிள்காரரே பகிர்ந்தார்.

மேற்பார்வையாளரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர் ஒருநாள் என் கடைக்கு வந்தார். கண்ணாடி போடுகிறவர்தான், ஆனால் கண்ணாடிக்காக வரவில்லை.

“சார், நீங்க செய்தி போட்ட அன்னைக்குக் காலையில நான் சைக்கிள்ல போறப்ப பார்த்தேன். ஒரு கிளை, செவப்புத் துணியோட. யாரோ புண்ணியவான் வச்சிருக்கான்னுதான் தடுப்ப ஒரு நாள் தள்ளிப்போட்டேன். நீங்க ஒரு வார்த்தை எழுதினா என் வேலை தங்கும். ரெண்டு பொண்ணுங்க சார்.”

நான் அவரை உட்காரவைத்து விதிச் சட்டத்தைக் காட்டினேன். கிளை இருந்தது என்றால் அவருக்கு வேலை தங்கும். ஆகவே அதில் அவருக்குச் சொந்த லாபம். அவர் சொல் சாட்சி ஆகாது. பார்த்தவர் இன்னும் இரண்டு பேரைக் கொண்டுவாருங்கள், கட்டாயம் போடுகிறேன் என்றேன். அலைந்து பார்த்தார், பாவம். இருந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்றார்களாம் எல்லாரும். தேநீர்க் கடைக்காரர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். “உள்ளபடியில இல்லைன்னு போட்டிருந்துச்சுங்க. அப்ப இல்லாமத்தான் இருந்திருக்கும்.” நம்பகம் என்பது அப்படி ஒரே நாளில் வந்துவிடாது.

நூலகப் பேச்சை ஒரு வாரம் தள்ளிவைத்திருந்தார்கள். என் மைத்துனனுக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள். மரணச் செய்தியை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அவன் செய்தியையே உதாரணமாகக் காட்டினேன். வேறு நல்ல உதாரணம் கைவசம் இல்லை. கேபிள்காரர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் வந்து, “அண்ணே, உங்கள மாதிரி வராதுண்ணே. அந்த விதியெல்லாம் எனக்கும் ஒரு பிரதி குடுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

பேச்சுக்குப் பிறகு இன்னும் இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மனைவி வந்து உட்கார ஆரம்பித்தாள். வீட்டில் தனியாக இருக்கவும் அவளால் முடியவில்லை. பக்கத்தின் கீழே வாசகர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருப்பாள். குடித்துவிட்டுப் போயிருப்பான் என்று ஒருவர். கண்ணைத் திறந்துகொண்டே குழியில் விழுகிற ஜென்மம் என்று ஒருவர். அவன் குடிக்கிறவன் இல்லை. ஆனால் வாசகர் கருத்தில் நான் தலையிடுவதில்லை.

உள்ளறையில் ஏதோ கண்ணாடிச் சட்டம் தேடப் போனவள் அந்தக் கிளைக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் அப்போதுதான் கடைக்குள் நுழைகிறேன். உறையின் மூலையில் இருந்த இலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

கேட்டாள், சொன்னேன். முதலில் இருந்து கடைசி வரை, உங்களிடம் சொன்னதுபோலவே. போனில் அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்து. அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

“உங்க பக்கத்துல ஒரு வரி போடுங்க. தம்பி அங்க கிளை வச்சிருந்தான்னு. நாலு பேர் விழக் கூடாதுன்னு வச்சான்னு. அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

நான் சுவரில் இருந்த விதிச் சட்டத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். கிளையைப் பிடுங்கியவன் நான். அவன் கேட்டபோது தெரிந்தே வாயை மூடிக்கொண்டவன் நான். அவன் சாவுக்குக் காரணம் நான்தான், மேற்பார்வையாளர் இல்லை. எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் போனை என் கையில் கொடுத்து, இப்போதாவது அந்த ஒரு வரியைப் போடு என்கிறீர்களே, அதுதான் முடியாது. எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்தக் கிளையைப் பார்த்ததாக உறுதியாகச் சொல்ல மூன்றே பேர். ஒருவன் செத்துப்போனான். ஒருவருக்குச் சொந்த லாபம் இருக்கிறது. மிச்சம் நான். மைத்துனனையே சாகடித்த ஒருவன் சொல்வதை மட்டும் நம்பிச் செய்தி போட நான் என்ன கேபிள்காரரா?